சைதாப்பேட்டை உடும்புகள்

எனக்குப் பல்லி ஆகாது. அதைப் பயம் என்று சொல்ல மாட்டேன், அது அருவருப்பு. சமையலறைச் சுவரில் பல்லி ஒன்று இருந்தால், அது போகும்வரை நான் அடுப்புப் பக்கம் போவதில்லை. பூச்சியை விழுங்கும்போது அதன் தொண்டை அசைவது கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. கல்யாணமான புதிதில் என் கணவர் இதை நம்பவில்லை. ஒருநாள் அலுவலகத்திலிருந்து அவர் வந்தபோது சாம்பார் பொங்கித் தரையெல்லாம் வழிந்துகொண்டிருந்தது, நான் வாசல் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நம்பினார்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் உடும்பைப் படம் எடுத்துத் தரச் சொன்னார்கள்.

நான் சாப்பாட்டைப் படம் எடுப்பவள். தி. நகரில் பாத்திரக் கடை ஒன்றின் மாடியில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ உண்டு. ஹோட்டல் மெனு அட்டையிலும் போனிலும் நீங்கள் பார்க்கும் பிரியாணி, பொடி தோசை, தந்தூரி கோழி எல்லாம் என்னைப் போன்றவர்கள் எடுப்பவை. அவற்றில் முக்கால்வாசியைச் சாப்பிட முடியாது. கோழியை அரைவேக்காட்டில் எடுத்தால்தான் தோல் சுருங்காமல் உப்பலாக இருக்கும். அதன் மேல் நிறம் பூசி, சின்னத் தீக்குழலால் அங்கங்கே கருக்கி, எண்ணெய் தடவி மினுக்குவோம். இதையெல்லாம் நான் முகம் சுளிக்காமல் செய்துகொண்டிருந்தவள்தான்.

கல்லூரியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி குழந்தைகளுக்கான புத்தகங்கள் போடும் ஒரு சிறிய பதிப்பகத்தில் ஆசிரியராக இருக்கிறாள். நம் ஊரிலேயே நம்மோடு வாழும் பிராணிகள் பற்றி ஒரு படப் புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தாள். மான், நரி, ஆந்தை, கீரி எல்லாம் தயாராகிவிட்டன. உடும்பு மட்டும் பாக்கி. அதை எடுப்பதாக இருந்தவர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார்.

"எனக்குப் பல்லியே ஆகாதுன்னு உனக்குத் தெரியுமே" என்றேன்.

"கேமராவுக்குப் பின்னாடி நிக்கப்போறே. அது உன் மடியில வந்தா உக்காரப்போவுது?" என்றாள். "கிட்ட நின்னு எடுத்தாலும் பொருளோட மேல்தோல் தெரியற மாதிரி எடுக்கிறவ நீதான். உடும்புக்கு அதுதான் வேணும்."

அந்த வாரம் முழுக்க ஒரே கடையின் பிரியாணியை வெவ்வேறு கிண்ணங்களில் வைத்து எடுத்துச் சலித்துப் போயிருந்தேன். அந்தச் சலிப்பில் சரி என்றுவிட்டேன்.

உடும்பை எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை. மந்தைவெளியிலிருந்து என்னையும் என் தட்டுமுட்டுச் சாமான்களையும் தினமும் ஸ்டூடியோவுக்கு ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரரிடம்தான் பேச்சுவாக்கில் கேட்டேன். ஐம்பதைத் தாண்டியவர். என்னை அம்மா என்பார், நான் அவரை அண்ணா என்பேன். முன்பு சைதாப்பேட்டையில் ஆற்றோரம் குடியிருந்தார். வீடுகளை இடித்தபோது பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். சவாரிக்கு மட்டும் தினமும் விடியற்காலையில் கிளம்பி மயிலாப்பூர் வந்துவிடுவார்.

"உடும்பா? இன்னாத்துக்குமா அந்தக் கருமம்?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"புள்ளைங்க புக்குல அத்தப் போடப்போறாங்களா? யானை சிங்கம்லாம் இன்னா ஆச்சு?" என்றார். பிறகு சிக்னலில் நின்றபோது அவரே சொன்னார்: "எங்க பழைய எடத்துல நெறைய கீது. வூட்டுக்குள்ளாறயே வரும். ஒருக்கா என் பொண்ணு தூங்கிக்கினு இருந்த பாயாண்ட வந்து நாக்க நீட்டிக்கினு கீது. நான் அடிச்சி வெரட்டிட்டேன். ஆனா அந்தப் பாய்ல அப்பறம் யாரும் படுக்கல. கலீஜு புடிச்ச ஜந்துமா அது."

என்னைப் போலவே ஒருவர் கிடைத்தார் என்று எனக்கு ஒரு ஆறுதல். அடுத்த நாளே போவதாக முடிவாயிற்று. வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில்தான் அவை குளிர்காய வெளியே வரும் என்று எங்கோ படித்திருந்தேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஒரு சுவரின் உடைப்பு வழியாக உள்ளே இறங்கினோம். நாற்றம் முதலில் மூக்கில் ஏறவில்லை, நாக்கில் வந்து உட்கார்ந்தது. துப்பினாலும் போகவில்லை. ஆறு கறுப்பாக, அசைகிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்தது. கரையில் ஆமணக்கும் சீமைக் கருவேலமும் மண்டிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே இடித்த வீடுகளின் மிச்சம். இடுப்பளவுச் சுவர்கள், பாதியில் முடியும் படிகள், மண்ணில் புதைந்து ஒரு கைப்பிடி மட்டும் வெளியே தெரியும் குக்கர்.

நான் குறுக்காக ஏறிப் போகப் பார்த்தேன். அவர் சுற்றிக்கொண்டு போனார். ஒன்றுமில்லாத ஓர் இடத்தில் நின்று இடதுபக்கம் திரும்பினார்.

"ஏன் அண்ணா சுத்திப் போறீங்க?"

"இதான்மா தெரு. அது மத்தவங்க வூடு" என்றார்.

அவருடைய வீடு எது என்று கேட்டேன். ஆற்றுப் பக்கமாகக் கையை வீசினார். "அந்தாண்டதான். எது இன்னான்னு இப்ப தெரில. எல்லாத்தையும் வாரிப் போட்டு மூடிட்டானுங்க."

காத்திருந்தோம். ஈக்கள் முகத்தில் உட்கார்ந்தன. அவற்றை விரட்டக் கையை வாய்க்கருகே கொண்டுபோகவே கூசியது. அப்போது அவர் என் முழங்கையைத் தொட்டு, உடைந்த சிமென்ட் குழாய் ஒன்றைக் காட்டினார். கக்கூஸ் தண்ணீர் போன குழாயாக இருக்க வேண்டும். அதன் வாயிலிருந்து கறுப்பு நாக்கு ஒன்று வந்து போயிற்று. இரண்டாகப் பிளந்த நாக்கு. பிறகு தலை வந்தது. பிறகு கழுத்து. கழுத்து முடியும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வந்துகொண்டே இருக்கிறது. யாரோ பெரிய ஆளிடம் கடன் வாங்கிப் போட்டுக்கொண்ட சட்டை மாதிரி தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. மேலே கரும்பழுப்பு, அடியில் சேற்று மஞ்சள். உடம்பு முழுவதும் வெளியே வந்ததும் என் கையை நீட்டினால் எவ்வளவு நீளமோ அதைவிட நீளமாக இருந்தது. வயிறு தரையில் இழைய, குழாயிலிருந்து வழிந்த சகதியைப் பூசிக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஒரு செங்கல் குவியலில் ஏறி வெயிலில் பரத்திக்கொண்டு படுத்தது.

கேமராவைக் கண்ணில் வைத்தேன். பெரிய லென்ஸ். அதன் விலாப்பக்கம் மூச்சுக்கு மூச்சு உப்பி அடங்குவது என் கண்ணுக்குள்ளேயே நடப்பது போலிருந்தது. நாலைந்து படம் எடுத்திருப்பேன். கேமராவை அவர் கையில் கொடுத்துவிட்டு ஆமணக்குச் செடி ஓரமாக உட்கார்ந்து வாந்தியெடுத்தேன்.

"நான் சொன்னேன்ல" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் குரலில் கொஞ்சம் திருப்தி இருந்தது.

எடுத்த படங்கள் எல்லாம் கலங்கியிருந்தன.

அன்று பிற்பகல் ஒரு ஹோட்டலுக்காக முழுக்கோழி எடுக்க வேண்டும். கழுத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். தோலைப் பிடித்துச் சரிசெய்யப் போனேன். கழுத்துத் தோல் கையோடு மடிந்து வந்தது. கையை உதறிவிட்டுக் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடி கழுவினேன். ஹோட்டலிலிருந்து வந்தவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் கோழி வாங்குவதில்லை. கணவருக்கு அதில் வருத்தம்தான். அவர் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தால் எனக்குத் தெரிந்துவிடும், ஆனால் கேட்பதில்லை.

விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கலங்கிய படத்தைக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. ஒரு வாரம் கழித்து மூக்கில் தைலம் தடவிக்கொண்டு, துப்பட்டாவால் முகத்தைக் கட்டிக்கொண்டு மறுபடி போனோம்.

இந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை. ஏதோ கறிக்கடையிலிருந்து கோழிக் கழிவைக் கறுப்புப் பையில் கட்டி மேலேயிருந்து எறிந்திருந்தார்கள். பை ஒரு தளத்தில் விழுந்து வெடித்திருந்தது. அதன் மேல் இரண்டு உடும்புகள். ஒன்று பெரியது, ஒன்று அதில் பாதி. பெரியது பைக்குள் தலையை முழுவதும் விட்டு இழுத்தது. குடல் நீளமாக வந்தது. தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து திறந்து, குடலைத் தன் எடையாலேயே தொண்டைக்குள் இறங்கவிட்டது. கூடவே பையின் கிழிந்த பிளாஸ்டிக்கும் இறங்கியது. இறகும் ரத்தமும் ஒட்டிய முகத்தைத் தரையில் இப்படியும் அப்படியும் தேய்த்துத் துடைத்துக்கொண்டது. நாம் இலையில் கை துடைப்பது போல. ஆனால் இந்த முறை நான் கேமராவை இறக்கவில்லை. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு விடாமல் எடுத்தேன்.

"மேடம், எந்த சேனல்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையும் நடைப்பயிற்சிக் காலணியுமாக ஒருவர் சுவரின் உடைப்பில் நின்றிருந்தார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். ஆற்றைப் பார்த்திருக்கும் அடுக்குமாடியில் குடியிருப்பவர் என்று சொல்லிக்கொண்டார். சேனல் இல்லை, புத்தகம் என்றேன்.

"பால்கனிலேர்ந்து தினம் பாக்கறேன். நல்லாக் கொழுத்துருக்கு, இல்ல?" என்றவர் கொஞ்சம் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "எனக்கு முட்டிவலி மேடம். பாக்காத டாக்டர் இல்ல. உடும்பு ரத்தத்தச் சூடா அப்படியே குடிச்சா நின்னுடும்னு சொல்றாங்க. புடிக்கிற ஆள் யாராவது உங்களுக்குத் தெரியுமா?"

நான் அந்தக் குடலை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் தின்ற பிராணியின் கழுத்தை அறுத்து, ரத்தத்தை அப்படியே வாய்வைத்துக் குடிக்கப் போகிறேன் என்கிறார், பல் விளக்கி முகச்சவரம் செய்துகொண்ட ஒருவர்.

ஆட்டோக்காரர்தான் பேசினார். "சார், அது இன்னா துன்னுதுன்னு பாத்தியா? அத்தப் போயி குடிக்கிறேன்ற."

"அது தின்றது வேற, ரத்தம் வேறப்பா" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது போல.

"அதப் புடிச்சா ஜெயில் சார்" என்றேன் நான் ஒருவழியாக.

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று எடுத்த படங்கள் கூர்மையாக வந்திருந்தன. என் வேலையில் அவ்வளவு நல்ல படம் நான் எடுத்ததில்லை. ஒவ்வொரு செதிலும் எண்ணுகிற மாதிரி தெரிந்தது. கண்ணின் ஓரத்தில் ஒட்டிய ஈ தெரிந்தது. தோழிக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தாள்.

"நான் டிபன் சாப்பிட்டுக்கிட்டே திறந்துட்டேன்" என்றாள். "அஞ்சு வயசுப் பிள்ளைங்கடி. குடல் வேணாம், பிளாஸ்டிக் வேணாம், அந்த இடமே வேணாம். சுத்தமா, மரத்து மேலயோ பாறை மேலயோ உக்காந்திருக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடு."

"அது சுத்தமா இருக்கிற பிராணி இல்ல."

"எல்லாத்தையும் சுத்தமாக் காட்டறதுதானே உன் வேலை" என்றாள். அவள் கேலிக்குத்தான் சொன்னாள், ஆனால் அது உண்மைதான்.

ஆகவே மூன்றாவது முறையும் போனோம். அன்று சுவரின் உடைப்பில் இறங்கும்போதே பேச்சுக்குரல் கேட்டது. லுங்கியை மடித்துக் கட்டிய இரண்டு பேர் கருவேல மர நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு சிமென்ட் சாக்கு. அது அசைந்தது.

"படம் எடுக்கற மேடம்தான?" என்றான் ஒருவன், வெகுநாள் பழகியவன் போல. "அந்த ஃப்ளாட்டு சார் சொன்னாரு. பாக்கறியா?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் சாக்கைக் கவிழ்த்துவிட்டான்.

அந்தப் பெரிய உடும்புதான். முன்னங்கால் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் திருப்பிக் கட்டியிருந்தார்கள். பின்னங்கால்களையும் அப்படியே. வாலை வளைத்துக் கழுத்தோடு சேர்த்து நைலான் கயிறு. வாயைச் சணலால் சுற்றியிருந்தார்கள். அது ஒரு பிராணியாகவே தெரியவில்லை, யாரோ அவசரமாகக் கட்டிய மூட்டை போலிருந்தது. மூட்டைக்குள் மூச்சு மட்டும் ஓடியது. கட்டிய இடத்தில் விரல்கள் வீங்கியிருந்தன. ஐந்து ஐந்து விரல்கள், நகத்தோடு, குழந்தைக் கை போல. முதல் நாள் குமட்டியது வேறு, இது வேறு. முதல் நாள் தூர ஓடத் தோன்றியது. இப்போது அந்த இருவர் பீடியையும் பிடுங்கி அவர்கள் முகத்திலேயே எறியத் தோன்றியது.

"கிட்ட வந்து எடு மேடம். ஒண்ணும் பண்ணாது. அந்த சாரு வர நேரம்தான்" என்றான். கேமராவுக்கு வாகாக அதன் தலையைக் கால் பெருவிரலால் நிமிர்த்தியும் காட்டினான்.

நான் கேமராவை எடுத்தேன். உடும்பை எடுக்கவில்லை, அவர்கள் முகங்களை எடுத்தேன். பிறகு போனைக் காதில் வைத்து, வனத்துறையோடு பேசுவது போல இடத்தைச் சொல்லத் தொடங்கினேன். மறுமுனையில் யாரும் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு எந்த நம்பரும் தெரியாது.

ஒருவன் எழுந்து என் பக்கம் வந்தான். ஆட்டோக்காரர் நடுவில் நின்றார்.

"தோ பாரு, நான் இந்த எடத்து ஆளு" என்றார். கத்தவில்லை. "வேணாம். எட்த்துக்கினு போனா வழில மாட்டுவ. வுட்டுட்டுப் போய்க்கினே இரு."

"நீ எந்த எடத்து ஆளு? இங்க யாரு கீறா?" என்றான் அவன்.

ஆட்டோக்காரர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. நான் போனில் பாலத்தின் பெயரை இரண்டாம் முறை சொன்னேன். மற்றவன் பீடியை அணைத்துவிட்டு, வாடா என்று இவன் தோளைத் தட்டினான். சாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது, எழுந்து வந்தவன் என்னைப் பார்த்துக் காறித் துப்பினான்.

பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. உடும்பு எங்கள் முன்னால் கிடக்கிறது. யாராவது அவிழ்க்க வேண்டும்.

"நான் தொட மாட்டேம்மா" என்றார்.

"நானும் தொட மாட்டேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அதன் கண்ணில் எறும்பு ஏறியது. அவர் என்னென்னவோ முணுமுணுத்துக்கொண்டு காக்கிச் சட்டையைக் கழற்றினார். அதன் தலைமேல் போட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்தினார். என்னிடம் கேமராப் பையில் டேப் வெட்டும் சின்னக் கத்தி இருந்தது. கயிற்றை அறுக்க ஒரு கையால் அதன் உடம்பைப் பிடித்தே ஆக வேண்டும்.

குளிர்ந்து வழவழவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். சூடாக இருந்தது. வெயிலில் கிடந்த தோல் செருப்பு போல, ஆனால் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. தோல் ஒரு பக்கமும் சதை ஒரு பக்கமுமாக என் விரலுக்கடியில் நழுவியது. கடைசிக் கயிற்றை அறுக்கும்போது அது என் கைமேல் கழிந்தது. அந்த நாற்றத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ஆற்று நாற்றத்தை அதற்கு முன்னால் நான் நாற்றம் என்று சொல்லியிருக்கவே கூடாது. கத்தியைப் போட்டுவிட்டேன். கால்கள் விடுபட்டதும் அது வாலைச் சுழற்றி அவர் கெண்டைக்காலில் ஓர் அடி கொடுத்தது. வாயில் சுற்றிய சணல் கால் நகம் பட்டுக் கழன்று விழுந்தது. புஸ்ஸென்று சீறிவிட்டு, காக்கிச் சட்டையையும் நகத்தில் மாட்டிக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு பூவரச மரத்தில் விழுந்தடித்து ஏறி, ஆளுயரக் கிளையில் நான்கு காலும் தொங்கக் கிடந்தது.

அவர் காலைப் பிடித்துக்கொண்டு கெட்ட வார்த்தைகளாகச் சொன்னார். நான் கையை மண்ணில் தேய்த்தேன். இலையில் தேய்த்தேன். பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஊற்றினேன். போகவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் கிளையில் நல்ல வெளிச்சம். பூவரச இலைகளுக்கு நடுவே, பின்னால் வானம் மட்டும். சுத்தமாக இருந்தது. அந்தக் கையாலேயே கேமராவைப் பிடித்து எடுத்தேன். புத்தகத்தில் வந்திருப்பது அந்தப் படம்தான். ஓய்வெடுக்கும் உடும்பு என்று அடியில் போட்டிருக்கிறார்கள். அதற்கு உடம்பெல்லாம் கட்டிய வலி என்று யாருக்கும் தெரியாது.

அதைக் காப்பாற்றியதால் எனக்கு அதன்மேல் பாசம் வந்ததா என்று தோழி கேட்டாள். வரவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் கணவர் என்னை வாசலிலேயே நிறுத்தினார். குளித்துவிட்டு மறுபடி குளித்தேன். கேமராவின் பிடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் மழைநாளில் லேசாக அந்த வாடை வருகிறது. ஃப்ளாட்டுக்காரரை ஒருமுறை மாம்பலம் கடைத்தெருவில் பார்த்தேன். நன்றாகத்தான் நடந்து போனார்.

புத்தகம் வந்ததும் ஆட்டோக்காரருக்கு ஒன்று கொடுப்பதற்காக ஸ்டூடியோவுக்கு மேலே வரச் சொன்னேன். அதற்கு முன் அவர் மேலே வந்ததில்லை. கம்ப்யூட்டரில் மற்ற படங்களையும் காட்டினேன். கோழிக்குடல் படம் வந்ததும் முகத்தைச் சுளித்து, "தள்ளுமா அத்த" என்றார். தள்ளப் போனேன். "இரு இரு" என்றார்.

எழுந்து திரைக்கருகே வந்தார். உடும்பைப் பார்க்கவில்லை, அதன் காலடியைப் பார்த்தார். உடும்பு முகம் துடைத்த இடத்தில் தரை தெரிந்தது. பச்சையும் வெள்ளையுமாகப் பூப்போட்ட டைல்ஸ், நடுவில் ஒன்று மட்டும் சிவப்பு.

"பச்ச ஒண்ணு கொறஞ்சிடுச்சி. கடைல அதே மாதிரி கெடைக்கல. செவப்ப வாங்கினு வந்து ஒட்டனேன்" என்றார். திரையில் அந்தச் சிவப்பைத் தொட்டார். "எங்க வூடும்மா இது."

பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்றேன். மறுநாள் அவர் மனைவியிடமிருந்து பதில் வந்தது. அந்த ஜந்து இல்லாமல் தரை மட்டும் வேண்டும் என்றாராம். வெட்டிப் பார்த்தேன். உடும்பு நட்டநடுவில் இருந்தது. அதை எடுத்தால் மிஞ்சுவது ஒரு மூலை. சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். இடத்தை அடையாளம் காட்ட நானும் போனேன்.

அந்தம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். கேமராவைப் பார்த்ததும், "அங்க என்ன நிக்க வச்சி எடுக்காதமா" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவரும் குறுக்கே ஏறவில்லை, தெரு இருந்த வழியாகத்தான் வந்தார்.

தரை இருந்தது. சிவப்பு டைல்ஸ் இருந்தது. அதன் மேல் காய்ந்த எச்சம், இறகு, புதிதாக எறிந்த இரண்டு கறுப்புப் பைகள், புழு. அவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பார்த்தார். உட்கார்ந்து தொட்டுப் பார்ப்பார் என்று நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் தரையில் காலே வைக்கவில்லை. விளிம்பிலேயே நின்றார்.

"இங்கயா நாம சோறு துன்னுனு இருந்தோம்" என்றார் கணவரிடம்.

"அப்ப இப்டியா இருந்துச்சி? தெனம் நீ கழுவி வுடுவ" என்றார் அவர்.

"கழுவி வுட்டதுக்குத்தான் இந்தக் கதி" என்றார் அந்தம்மா. சுவரோரம் ஏதோ சரசரத்தது. மூவரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினோம். எலியோ உடும்போ, நின்று பார்க்கவில்லை.

ரோட்டுக்கு வந்ததும் அந்தம்மா ஆட்டோவில் ஏறவில்லை. நடைபாதையின் விளிம்பில் செருப்பின் அடியை முன்னும் பின்னுமாகத் தேய்த்துக்கொண்டே நின்றார். போதும் ஏறு என்று கணவர் இரண்டு முறை சொன்னார். அதில் ஒட்டியிருந்ததாக என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் நானும் பக்கத்தில் போய் நின்று என் செருப்பைத் தேய்த்தேன்.